பச்சை வலை போர்த்திய மலைகள்

வட்ட விசிறி வடிவில் ஒரு படம். அதனுள்ளே மென்பச்சை நிறக் குன்றுகள் அடுக்கடுக்காக எழுந்து நிற்கின்றன. குன்றுகளின் இடுப்பைச் சுற்றி மூடுபனி தவழ்கிறது. அடிவாரத்தில் அலையற்ற நீர்ப்பரப்பு. ஒரு பாறை முனையில் சிறு மண்டபம். ஓரத்தில் செந்நிற முத்திரை. காண்பவர் எவரும் இது எண்ணூறு அல்லது தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு சீனக் கலைஞர் பட்டுத்துணியில் தீட்டிய ஓவியம் என்றே கருதுவர். கிட்டச் சென்று உற்று நோக்கும்போதுதான் நெஞ்சம் துணுக்குறுகிறது. குன்றுகள் குன்றுகள் அல்ல. இடித்துத் தள்ளப்பட்ட வீடுகளின் செங்கல்லும் காரையும், அவற்றோடு கலந்த மண்ணும் குப்பையும் குவிந்த மேடுகளே அவை. அப்பச்சையும் மரஞ்செடிகளின் பசுமை அன்று. தூசி பறவாதிருக்கக் கட்டுமானப் பணியாளர் அம்மேடுகளின்மேல் போர்த்திய பிளாஸ்டிக் வலையின் நிறம் அது.

இப்படத்தையும் இதனையொத்த பல படங்களையும் உருவாக்கியவர் யாவ் லூ. 1967-இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். அந்நகரின் மத்திய நுண்கலைக் கல்லூரியில் புகைப்படக் கலை பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராகப் பணியேற்றவர். 2006-ஆம் ஆண்டளவில் இவ்வரிசைப் படங்களைத் தொடங்கினார். 2008-இல் பாரிசில் நடைபெற்ற பன்னாட்டுப் புகைப்படக் கண்காட்சியில் அவற்றுக்குப் பரிசு கிடைத்தது. அவர் தூரிகையைத் தொடவில்லை. பெய்ஜிங்கின் இடிபாட்டு மேடுகளைப் படம் பிடித்து, மண்டபம், படகு, நீர், பனி ஆகியவற்றின் படங்களோடு கணினியில் இணைத்தார். 2008-இன் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்காக அந்நகரம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்த முற்றத்து வீடுகளும் அவற்றினூடே வளைந்து செல்லும் குறுகிய சந்துகளும் நாள்தோறும் தரைமட்டமாயின. மேடுகள் தோன்றின, பச்சை வலைகள் அவற்றை மூடின. யாவ் லூ செய்ததெல்லாம் அம்மேடுகளை மலைகள் என்று அழைத்ததே.

இத்தகைய படத்தை உண்மை என்பதா, பொய் என்பதா? 'போட்டோ பொய் சொல்லாது' என்று நம் பெற்றோர் நம்பினர். அந்த நம்பிக்கை இன்று தேய்ந்துவிட்டது. பங்கின் பொன்விழா மலரை அச்சிடும்போது, வர இயலாது போன புரவலரையும் முன்வரிசையில் அமர்த்திவிடும் கணினிக் கைவண்ணத்தை நாம் அறிவோம். (அவருடைய தலைக்குமேல் மட்டும் வெயில் வேறு திசையிலிருந்து விழுவதைச் சிறுவர்கள் கண்டுபிடித்துச் சிரிப்பர்.) எனவே மாற்றப்பட்ட படம் என்றதும் ஏமாற்று என்னும் எண்ணமே நம்முள் முதலில் எழுகிறது. அவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று என்பதை அறிய இரு வரலாறுகளை நாம் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒன்று சீன ஓவியத்தின் வரலாறு. மற்றது புகைப்படக் கருவியின் வரலாறு.

சீன மொழியில் இயற்கைக் காட்சி ஓவியத்துக்கு வழங்கும் பெயர் 'ஷான்ஷூயி'. ஷான் என்பது மலை. ஷூயி என்பது நீர். மலையும் நீரும் சேர்ந்ததே காட்சி. இவ்வோவியம் ஏன் பிறந்தது என்பதற்கு ஓர் அழகான கதை உண்டு. கி.பி. 375 முதல் 443 வரை வாழ்ந்த ஜோங் பிங் என்பவர் மலைகளில் அலைவதையே வாழ்வின் பேறாகக் கருதியவர். முதுமையும் நோயும் வந்து காலைக் கட்டியபோது, தாம் கண்ட மலைகளையெல்லாம் தம் அறையின் சுவர்களில் வரைந்தார். இனிப் படுத்தபடியே பயணம் செய்வேன் என்றார். தாம் யாழ் மீட்டும்போது அச்சுவர் மலைகள் எதிரொலிக்க வேண்டும் என்றும் விரும்பினாராம். ஆக, தொடக்கத்திலிருந்தே இவ்வோவியம் ஓர் இழப்பை ஈடுசெய்ய வந்தது. மலைக்குச் செல்ல இயலாதவனிடம் மலை வந்தது.

ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் சோங் அரச மரபின் காலத்தில் இக்கலை அதன் சிகரத்தைத் தொட்டது. கி.பி. 1000-ஐ ஒட்டி ஃபான் குவான் தீட்டிய 'மலைகளினூடும் ஓடைகளினூடும் பயணிகள்' என்னும் ஓவியம் இரண்டு மீட்டருக்கு மேல் உயரமுடையது. அதில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே மலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கீழே, ஓடைக் கரையோரம், எறும்பு ஊர்வதுபோல் பொதி சுமந்த கோவேறு கழுதைகளும் அவற்றை ஓட்டிச் செல்லும் மனிதர் இருவரும். மனிதன் எவ்வளவு சிறியவன் என்பதை இதைவிட அமைதியாகச் சொல்ல இயலாது என்பது நம் எண்ணம். அவ்வோவியம் இன்று தைப்பேயிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே அருங்காட்சியகத்தில் குவோ ஷீ 1072-ஆம் ஆண்டில் தீட்டிய 'இளவேனில் தொடக்கம்' என்னும் ஓவியமும் உண்டு. குவோ ஷீ அரசவை ஓவியர். அவருடைய கருத்துகளை அவர் மகன் குவோ சி நூலாகத் தொகுத்தார். அந்நூல் கேட்கும் முதற்கேள்வியே நம்மைக் கவர்கிறது. நல்லோர் மலையையும் நீரையும் ஏன் விரும்புகின்றனர்? நகரின் புழுதியும் ஆரவாரமும் மனித இயல்புக்கு ஒவ்வாதவை. ஆயினும் பெற்றோருக்கும் அரசுக்கும் கடமைப்பட்டவன் எல்லாவற்றையும் உதறிவிட்டு மலைக்கு ஓடிவிட இயலாது. ஆகவே ஓவியன் மலையை அவன் இல்லத்துக்குக் கொண்டுவருகிறான். ஓவிய மலை எப்படி இருக்க வேண்டும் என்றும் குவோ ஷீ கூறுகிறார். நடந்து கடக்கத்தக்கது, நின்று நோக்கத்தக்கது, உலவத்தக்கது, குடியிருக்கத்தக்கது என்று நான்கு வகை மலைகள் உள்ளன. அவற்றுள் பின்னிரண்டே மேலானவை என்பது அவர் துணிபு. மலையை அவர் வாழ்வதற்குரிய இடமாகவே கண்டார். இக்குறிப்பை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

இங்கே நமக்கு மிகவும் வேண்டிய செய்தி வேறொன்றும் உள்ளது. குவோ ஷீயின் மலை எங்கும் இல்லாத மலை. அவர் 'மூன்று தொலைவுகள்' என ஒரு முறையை வகுத்தார். அடிவாரத்திலிருந்து சிகரத்தை அண்ணாந்து காணும் உயரத் தொலைவு. முன்மலையிலிருந்து பின்மலைகளினூடே காணும் ஆழத் தொலைவு. அருகிலுள்ள குன்றிலிருந்து அடிவானத்தை நோக்கும் சமத் தொலைவு. இம்மூன்றையும் ஒரே பட்டில் அமைத்தால், ஒரே இடத்தில் நிற்கும் ஒரே கண் காண இயலாத காட்சி தோன்றும். பல நாள் நடந்து, பல இடங்களில் நின்று, பல பொழுதுகளில் பார்த்த கண்களின் நினைவெல்லாம் ஒன்றுகூடிய காட்சி அது. அந்தப் பல பார்வைகளும் ஒன்றோடொன்று மோதாமல் இணைப்பது எது? மூடுபனி! சீன ஓவியத்தில் பனி தவழும் வெற்றிடங்கள் வெறும் அழகுக்காக அமைந்தவை அல்ல. ஒரு பார்வையை மற்றொன்றோடு சேர்க்கும் தையல் அவை. ஒட்டுப்படம் என்பது கணினிக்கு மட்டுமன்று, கருவிக்கே முந்தியது.

குவோ ஷீயின் புகழ் அடைந்த கதியையும் சொல்லிவிடுவோம். அரசர் மாறினார், அரண்மனையின் சுவையும் மாறியது. 12-ஆம் நூற்றாண்டில் தெங் சுன் என்பவர் எழுதிய நூலில் ஒரு செய்தி காணப்படுகிறது. தங்கள் மாளிகையில் பணியாளன் ஒருவன் மேசை துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தம் தந்தை வாங்கிப் பார்த்தாராம். அது குவோ ஷீ தீட்டிய பட்டு. அரண்மனைச் சுவர்களிலிருந்து அகற்றப்பட்ட அவருடைய ஓவியங்கள் கிடங்கில் குவிந்து கிடந்தனவாம். குப்பையை மலையாக்கிய யாவ் லூவுக்கு ஒன்பது நூற்றாண்டு முன்பே மலை குப்பையாகியிருக்கிறது.

இனிக் கருவியின் வரலாறு. புகைப்படம் தோன்றிய முதல் தலைமுறையிலேயே கலைஞர்கள் அதனைத் திருத்தத் தலைப்பட்டுவிட்டனர். பிரான்சு நாட்டின் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857 ஆண்டுகளில் கடற்காட்சிகளைப் படம் பிடித்தார். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீலநிறத்தை மிகையாக உள்வாங்கும் இயல்புடையவை. கடலுக்கு ஏற்ற நேரம் ஒளியைக் காட்டினால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். வானத்துக்கு ஏற்பக் காட்டினால் கடல் இருண்டுவிடும். எனவே லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, அடிவானக் கோட்டில் இரண்டையும் இணைத்து அச்சிட்டார். ஒரே மேகக்கூட்டம் அவருடைய வெவ்வேறு கடல்களின்மேல் மிதப்பதைப் பிற்காலத்தவர் கண்டறிந்தனர். இதை மோசடி என்பதா? கடற்கரையில் நின்ற மனிதனின் கண் வானையும் கடலையும் ஒருங்கே கண்டது. கருவிதான் காண இயலாது தவித்தது. கருவியின் குறையை அவருடைய கை நிறைவு செய்தது, அவ்வளவே.

சீனத்துக்குப் புகைப்படம் மேலைநாட்டார் வழியாக வந்தது. அவர்தம் கருவி அவர்தம் பார்வையையும் உடன்கொண்டு வந்தது. ஒரு கண், ஒரு புள்ளி, ஒரு கணம். இக்கருவியைக் கொண்டு ஷான்ஷூயி படைக்க முடியுமா என்று கேட்டவர் லாங் ஜிங்ஷான். 1892-இல் பிறந்து, 1995-இல் தம் 103-ஆம் வயதில் தைப்பேயில் மறைந்தவர். ஷாங்காய் நாளிதழ்களில் பணிபுரிந்தார். சீனாவின் முதல் செய்திப் படப்பிடிப்பாளர்களுள் ஒருவராக எண்ணப்படுபவர். ஓரிடத்து மலை, வேறிடத்துத் தேவதாரு, இன்னோரிடத்துப் படகு என வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த நெகட்டிவ்களைத் திரட்டி வைத்துக்கொள்வார். இருட்டறையில் தாளின் ஒரு பகுதியை மறைத்து ஒன்றை விழச்செய்வார். பின் அப்பகுதியை மூடிவிட்டு மற்றொன்றை விழச்செய்வார். இணைப்பு தெரியாமலிருக்க இடையே வெண்மையை விடுவார். அந்த வெண்மை மூடுபனியாகத் தோன்றும். குவோ ஷீயின் தையல்தான். ஊசி மட்டும் வேறு.

1934-இல் அவ்வாறு உருவாக்கிய 'வசந்த மரங்களும் வியத்தகு சிகரங்களும்' என்னும் படம் இங்கிலாந்தில் ஒரு கண்காட்சிக்கு ஏற்கப்பட்டது. அதன்பின் உலகெங்கும் அவர் பெயர் பரவியது. தம் முறையைக் கி.பி. 500-ஐ ஒட்டி வாழ்ந்த ஷியே ஹே வகுத்த ஓவிய நெறிகள் ஆறனோடும் அவர் பொருத்திக் காட்டினார். அவ்வாறனுள் இறுதியானது முன்னோரின் ஓவியங்களைப் படியெடுத்தல். நம் காலத்தார் படியெடுத்தலை இழிவாகக் கருதுகின்றனர். சீன ஓவியரோ இன்னாரைப் பின்பற்றி வரைந்தேன் என்று ஓவியத்தின்மேலேயே எழுதிப் பெருமை கொள்வர். ஆசானின் கைவழியே தன் கையைக் கண்டடைதல் அங்கே ஒழுக்கமாகவே போற்றப்பட்டது. நீண்ட தாடியுடைய புகழ்பெற்ற ஓவியர் ஜாங் தாச்சியென், லாங்கின் படங்களில் மலைமுனையில் நிற்கும் முனிவராகத் தோன்றியதும் இம்மரபின்மேல் இருவருக்கும் இருந்த பற்றினாலேயே.

லாங் என்னும் குடும்பப்பெயரைக் கேட்டதும் நமக்கு வேறொருவர் நினைவுக்கு வருகிறார். மிலான் நகரில் 1688-இல் பிறந்து, இயேசு சபைச் சகோதரராக 1715-இல் சீனம் சேர்ந்து, மூன்று பேரரசர்களின் அவையில் ஓவியராகப் பணியாற்றி, 1766-இல் பெய்ஜிங்கிலேயே உயிர்நீத்த ஜுசெப்பே கஸ்திலியோனே. அவர் பூண்ட சீனப் பெயர் லாங் ஷினிங். இரு லாங்குகளுக்கும் உறவேதும் இல்லை. எழுத்து மட்டும் ஒன்றே. எனினும் இருவர் பணியும் ஒன்றையொன்று தொடுகிறது. இத்தாலியரான சகோதரர், சீனப் பட்டில் சீன வண்ணங்களால் மேலைநாட்டுக் கண்ணுக்குரிய குதிரைகளையும் மனிதரையும் தீட்டினார். சில ஓவியங்களில் பின்னணி மலைகளையும் மரங்களையும் சீன ஓவியர்கள் தீட்டினர். முகத்தில் விழும் நிழலைப் பேரரசர் விரும்பாததால் அந்நிழலையும் அவர் குறைத்துக்கொண்டார். கீழைத் துணியில் மேலைக் கண். இரு நூற்றாண்டுகளுக்குப் பின் லாங் ஜிங்ஷான் அதனைத் திருப்பிப் போட்டு, மேலைக் கருவியில் கீழைக் கண்ணைப் பொருத்தினார்.

லாங்கின் படங்களை நாம் எவ்வளவு வியந்தாலும் ஓர் உறுத்தல் எஞ்சவே செய்கிறது. 1937-இல் ஜப்பானியப் படைகள் சீனத்தினுள் பெருக்கெடுத்துப் புகுந்தன, ஷாங்காய் எரிந்தது, கோடிக்கணக்கான மக்கள் ஊர் விட்டு ஊர் ஓடினர். அவ்வாண்டுகளிலும் அவருடைய மலைகளில் பனி அமைதியாகவே தவழ்ந்தது. செய்திப் படம் எடுத்துப் பழகிய கை, செய்தி முழுவதையும் விலக்கிய படங்களைச் செய்தது. அழிந்துகொண்டிருக்கும் நாட்டின் ஆன்மாவைப் பாதுகாத்தார் என்று அவரை ஆதரிப்போர் கூறுவர். அதில் நியாயம் உண்டு. ஜோங் பிங்கும் அதைத்தானே செய்தார் எனலாம். ஆயினும் ஜோங் பிங் நோயுற்றது தாம் மட்டுமே. அவர் கண்ட மலைகள் வெளியே நலமாகவே இருந்தன.

கணினி வந்ததும் இருட்டறையில் பல நாள் செய்த வேலை மேசையில் அமர்ந்தவாறே செய்யக்கூடியதாயிற்று. கனடா நாட்டின் ஜெஃப் வால், ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1830-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஒரு மரச்செதுக்குப் படத்தை எடுத்துக்கொண்டார். திடீரென வீசும் காற்றில் வழிப்போக்கரின் காகிதங்கள் வானில் பறக்கும் காட்சி அது. அதனை வான்கூவர் நகரின் புறத்தே ஒரு வயலில் நடிகர்களை நிறுத்திப் பல மாதங்கள் படம் பிடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இணைத்து, 1993-இல் ஒரே காட்சியாக்கினார். ஹொக்குசாயின் படத்தில் அடிவானத்தில் ஃபூஜி மலை ஒரே கோடாக நிற்கும். வாலின் படத்தில் மலை இல்லை. தட்டையான வெளி மட்டுமே. அந்த இல்லாமையே அப்படம் நமக்குச் சொல்வது.

ஜெர்மானியரான ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி எதிர்த்திசையில் சென்றார். 1999-இல் ரைன் ஆற்றைப் படம் பிடித்து, அக்கரையிலிருந்த தொழிற்கூடக் கட்டடத்தையும் ஆற்றோரம் நடந்தோரையும் கணினியில் அழித்துவிட்டார். எஞ்சியவை புல், நீர், வானம் என்னும் கிடைக்கோடுகளே. 2011-இல் அப்படம் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு விற்றது. தாம் அழித்ததைக் குர்ஸ்கி மறைக்கவில்லை, வெளிப்படையாகவே கூறினார். எனவே அவரை ஏமாற்றுக்காரர் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அப்படத்தை எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் அழிக்கப்பட்டது மீண்டு வராது. யாவ் லூவின் படத்தை நெருங்கினால் மறைக்கப்பட்டது வெளிப்படும். இரண்டும் கணினியின் வேலையே. ஆனால் அவை செல்லும் திசை வேறு.

குருமடத்தில் ஒழுக்கவியல் பயின்ற நாளில் பொய்யின் இலக்கணம் பற்றி நெடிய விவாதங்கள் நடைபெறும். அவற்றுள் புனித அகுஸ்தினாரின் ஒரு கருத்து இங்கே பயன்படுகிறது. நற்செய்தி பற்றிய வினாக்களுக்கு விடை கூறும் தம் நூலில் அவர் எம்மாவு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறார். சீடர் இருவரோடு நடந்து வந்த ஆண்டவர், ஊர் நெருங்கியதும் இன்னும் அப்பால் செல்பவர்போலக் காட்டிக்கொண்டார் என்று லூக்கா எழுதுகிறாரே (24:28), அது பொய்யாகாதா? ஆகாது என்கிறார் அகுஸ்தினார். புனைவதெல்லாம் பொய் அன்று. பொருள் எதனையும் சுட்டாத புனைவே பொய். ஒரு பொருளைச் சுட்டி நிற்கும் புனைவு உண்மையின் உருவகம். உவமைகளும் அவ்வகையினவே. புனித தோமா அக்குவினாரும் பின்னர் இக்கருத்தை எடுத்தாள்கிறார். பொன்விழா மலரில் புரவலரின் தலை எப்பொருளையும் சுட்டவில்லை. அவர் வந்தார் என்று நாம் நம்பினால் அதன் வேலை முடிந்தது. பச்சை வலை மலையோ தன்னை மலையென்று நாம் நம்பிவிட்டால் தோற்றுப்போகும். நாம் நெருங்கி வந்து, நம்பிக்கை உடைந்து நிற்கும்போதே அது பேசத் தொடங்குகிறது.

அது பேசுவது எதைப் பற்றி என்பதையும் சற்று அறிந்துகொள்வோம். 1978-இல் சீன மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பேரே நகரங்களில் வாழ்ந்தனர். 2011-இல் நகரவாசிகள் பாதியைக் கடந்தனர். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 20-ஆம் நூற்றாண்டு முழுவதிலும் பயன்படுத்திய சிமெண்ட் ஏறத்தாழ 450 கோடி டன். சீனம் 2011 முதல் 2013 வரையான மூன்றே ஆண்டுகளில் பயன்படுத்தியது ஏறத்தாழ 660 கோடி டன். யாங்சி ஆற்றின் மூன்று மலையிடுக்குகள், ஓவியரும் கவிஞரும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பாடியும் தீட்டியும் வந்த இடம். அங்கே 1994-இல் அணை வேலை தொடங்கியது. 2003-இல் நீர் தேங்கத் தொடங்கி, 2010-இல் கடல்மட்டத்திலிருந்து 175 மீட்டர் உயரத்தை எட்டியது. நகரங்களும் சிற்றூர்களும் மூழ்கின. 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். அவ்வணை மின்சாரம் தருவதும் வெள்ளத்தைத் தணிப்பதும் உண்மையே. ஆயினும் படத்தை மாற்றிவிட்டார்களே என்று கணினிக் கலைஞரைக் குறைகூறுவோர், அங்கே நிலமே மாற்றப்பட்டதையும் சேர்த்து எண்ண வேண்டும். யாவ் லூவின் விரல்கள் ஒரு தாளின் மேற்பரப்பைத்தான் தொட்டன.

குடியிருக்கத்தக்க மலையே மேலானது என்று குவோ ஷீ கூறியதை முன்னர்க் கண்டோம். யாவ் லூவின் மலைகளில் மனிதர் உண்மையாகவே குடியிருந்தனர். அவை அவர்களுடைய சுவர்கள், அவர்களுடைய அடுப்படிகள், குழந்தையின் உயரத்தைக் கோடிட்டு அளந்த வாசற்படிகளும் அவற்றுள் இருந்திருக்கலாம். குவோ ஷீயின் சொல் இவ்வாறு நிறைவேறும் என்று அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

இவ்வழியில் நடந்த இன்னொருவர் யாங் யோங்லியாங். ஷாங்காயின் புறநகரான ஜியாதிங்கில் 1980-இல் பிறந்தவர். சிறுவயது முதலே மரபுவழி மையோவியமும் எழுத்தழகும் பயின்றவர். அவருடைய மலைகள் குப்பையால் ஆனவை அல்ல. மாடிக் கட்டடங்களால் ஆனவை. ஆயிரக்கணக்கான கட்டடப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செங்குத்தான பாறைகளை எழுப்புகிறார். தொலைவில் தேவதாருவாகத் தெரிவது அருகில் மின்கோபுரமாகவோ கட்டுமானக் கிரேனாகவோ மாறுகிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2013 டிசம்பர் முதல் அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை நடத்திய சீன மைக்கலைக் கண்காட்சியில் இவருடைய படைப்பும் இடம்பெற்றது.

யாங்கின் திறமை பெரிது. எனினும் இருவரையும் அருகருகே வைத்தால் நம் மனம் யாவ் லூவின் பக்கமே சாய்கிறது. யாங்கின் நகரங்கள் வியப்பூட்டுகின்றன. எத்தனை கட்டடங்கள், எவ்வளவு உழைப்பு என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே நாம் கண்டிக்க வந்த பொருளை இரசிக்கத் தொடங்கிவிடுகிறோம். மேலும் கற்பனைக் கட்டடத்தில் யாரும் இழந்தது ஒன்றுமில்லை. யாவ் லூவின் செங்கல் ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலிருந்து வந்தது. இருவர் படங்களும் இறுதியில் செல்வந்தரின் வரவேற்பறைகளை அடைகின்றன என்பதும், அவ்வறைகளுள் சில இத்தகைய மேடுகள் அகற்றப்பட்ட மனைகளின்மேல் எழுந்திருக்கக்கூடும் என்பதும் வேறு செய்தி.

ஆயினும் யாங்குக்கு ஒரு பெருமையை நாம் மறுக்க இயலாது. 2014-இல் அவர் ஃபான் குவானின் 'மலைகளினூடும் ஓடைகளினூடும் பயணிகள்' ஓவியத்தையே எடுத்துக்கொண்டு, அதன் பெருமலையைக் கட்டடங்களால் மீண்டும் எழுப்பினார். அப்படத்தைக் கண்டவர் பலர் மூல ஓவியத்தைத் தேடிச் சென்று மறுபடியும் உற்று நோக்கினர் என்றால் வியப்பில்லை. உற்று நோக்குவோரை அவ்வோவியம் ஒருநாளும் வெறுங்கையராய் அனுப்பியதில்லை. அது ஃபான் குவானுடையதுதான் என்பது நெடுங்காலம் செவிவழி மரபாகவே இருந்து வந்தது. அவர் கையொப்பம் எங்கும் காணப்படவில்லை. 1958-ஆம் ஆண்டு, தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த லீ லின்ட்சான் என்னும் ஆய்வாளர் அப்பட்டை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார். வலப்பக்கக் கீழ்மூலையில், கோவேறு கழுதைகள் வரிசைக்குப் பின்னே உள்ள மரத்தின் இலைகளுக்கிடையே, இலைகளைப்போலவே தீட்டப்பட்ட இரண்டு எழுத்துகள் அவர் கண்ணில் பட்டன. ஃபான் குவான் என்றிருந்தது.